ஆறு மூட்டை மண்

எனக்கு வயது ஐம்பத்தேழு. ரேஷன் கார்டில் அறுபத்திரண்டு என்று இருக்கும். எழுத வந்தவர் என் நரையைப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனது. நானும் திருத்தவில்லை. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று என் வயிற்றில் பிறந்தது, இரண்டு என் கொழுந்தனாருடையது. ஐந்தில் ஒன்றுகூட இன்னொருவர் வாசலில் சோற்றுக்கு நின்றதில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. என் படிப்பு மட்டும் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

எண்பது, எண்பத்தொன்று வாக்கில் நாங்கள் கொரட்டூர் ஏரிக்கரையில் இருந்தோம். இருபது குடிசை, ஒரே வரிசை. எனக்குப் பதினொரு வயது நடந்தது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அம்பத்தூர் மார்க்கெட்டில் மூன்று சக்கர வண்டி மிதித்தார். சாயங்காலம் ஒருநாளும் வெறும் வண்டியோடு வந்ததில்லை. கோஸ் தழை, அழுகின தக்காளி, வாழைத்தார்த் தண்டு, பூக்கடையில் வாடிப்போன சரம், கரும்புச் சக்கை என்று கடைக்காரர்கள் தூக்கி எறிவதையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார். வண்டிக்கு முன்னால் வாடை வந்து சேர்ந்துவிடும். குடிசைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு, பெரிய காரியம் முடித்த மாதிரி பீடி பற்றவைப்பார்.

அதற்குப் பிறகுள்ள பாடு அம்மாவுடையது. நூலையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்கி எடுப்பாள். டீக்கடை அடுப்புச் சாம்பலைத் தூவுவாள். ஏரித் தண்ணீரைத் தெளித்து, வாரம் ஒருதரம் கடப்பாரையால் புரட்டிப் போடுவாள். அந்த இடத்துத் தரை வெறும் களியும் செங்கல் துண்டும்தான். ஆறு வருஷத்தில் அங்கே கறுப்பாக, பொலபொலவென்று ஒரு மண் உண்டாகிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் கழித்துப் போட்ட பெயிண்ட் டப்பா, ஓட்டை வாளி, பழைய டயர் எல்லாவற்றிலும் அதை நிரப்பி அரைக்கீரையும் தண்டுக்கீரையும் வெண்டையும் போட்டாள். கூரைமேல் புடலங்காய் தொங்கியது.

காலையில் வரிசையில் இருந்த பெண்கள் காய்த்தோலையும் மீன் செதிலையும் கொண்டுவந்து எங்கள் வாசல் டின்னில் போடுவார்கள். சாயங்காலம் ஆளுக்கொரு பிடி கீரை கிள்ளிக்கொண்டு போவார்கள். டின்னில் ஒன்றும் போடாமல் கிள்ளுகிறவளை அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். மறுநாள் அவள் இரண்டு பங்காகக் கொண்டுவருவாள்.

அந்த வருஷம் பொங்கல் கழித்து நைனா ஒரு மேஸ்திரியோடு பம்பாய்க்கு ரயில் ஏறினார். ஒரு கடிதம் வந்தது. அப்புறம் வரவில்லை. அங்கே அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது என்பதை வரிசை முழுக்கத் தெரிந்து வைத்திருந்தது, என்னைத் தவிர. நான் அவர் செய்து வைத்துவிட்டுப் போன பெஞ்சில் படுத்து, அவர் வந்தால் எழுந்து இடம் கொடுக்கவேண்டுமே என்று ஓரமாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். கம்பெனிப் பெட்டிப் பலகையில் செய்த பெஞ்சு அது. ஆள் நீளத்துக்கு இருக்கும். அதில் கறுப்பு மையில் அச்சடித்த எழுத்துகள் தலைகீழாகத் தெரியும்.

மழைக்காலம் வருமுன் ஏரிக்கரையைக் காலி செய்யச் சொன்னார்கள். திருமழிசைப் பக்கம் இடம் காட்டினார்கள். இரண்டு வீட்டுக்கு ஒரு லாரி, ஒரே நடை. எங்களுக்கும் எதிர்வீட்டு அத்தைக்கும் ஒரு லாரி. உறவில்லை, ஆனாலும் அத்தை. அவள் கட்டில், பானை, ஆட்டுரல் எல்லாம் ஏற்றினாள். அம்மா ஆறு சிமெண்ட் சாக்கில் மண்ணை முக்கால் முக்காலாகக் கட்டி ஏற்றினாள். பெஞ்சுக்கு இடமில்லை என்று டிரைவர் சொன்னதும், கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

அத்தைக்கும் பொறுக்கவில்லை. எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாள். "உட்டுட்டுப் போனவன் கொட்டன குப்பைய மூட்ட கட்டிகினு வர்றியே, இன்னாடி பொம்பள நீ?"

அம்மா சாக்கு வாயைக் கட்டிக்கொண்டே நிமிராமல் சொன்னாள். "அந்தாளு போட்டது குப்ப. மண்ணாக்கனது நானு."

டிரைவர்கூடச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். எனக்கு அது திமிராகப் பட்டது. நைனா திரும்பி வந்தால் இவள் இப்படிப் பேசினதைச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கூரைத் தகரத்தை இறக்க அம்மா உள்ளே போன நேரத்தில், கடைசியாக ஏற்றியிருந்த இரண்டு சாக்கின் கட்டை அவிழ்த்து, லாரி மேலிருந்தே கரைச்சரிவில் கவிழ்த்துவிட்டேன். கைக்கு வலுவே இல்லாத வயது. அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ. டிரைவரிடம், அம்மாவே பெஞ்சை ஏற்றச் சொன்னாள் என்றேன். அவர் தூக்கி வைத்துக் கயிறு போட்டார். வெளியே வந்த அம்மா, டிரைவர் மனசிரங்கி ஏற்றினார் என்று நினைத்து அவருக்கு நல்ல வார்த்தை சொன்னாள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருமழிசையில் இறங்கின இடம் கொட்டிக் குவித்த கட்டட இடிபாடு. கால் வைத்தால் குத்தும், வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அத்தை நின்ற இடத்தில் நின்று சுற்றிப் பார்த்தாள். அடுத்த மாதமே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். பாலுக்கு உறைமோர் கேட்பதுபோலத்தான் எல்லோரும் வந்தார்கள். தங்கள் வீட்டுக் குப்பைக் குழியில் கலக்க ஆளுக்கொரு கிண்ணம் கறுப்பு மண். அம்மா இல்லை என்று சொன்னதே கிடையாது. அத்தைக்கு மட்டும் கிண்ணத்தைத் தட்டித் தட்டி நிரப்பினாள்.

அது பிற்பாடு. அன்றைக்குச் சாக்கை இறக்கியபோது நான்குதான் இருந்தது. காலி சாக்கு இரண்டும் பெஞ்சுக்கு அடியில் மடித்த மடிப்போடு கிடந்தன.

"மீதி எங்கடி?"

கொட்டிவிட்டதைச் சொன்னேன். அடிக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அடி விழவில்லை. எந்த இடத்தில் என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் இருவரும் கொரட்டூருக்குப் போனோம். வரிசையே இல்லை. எங்கள் வீடு இருந்த இடத்தில் கரி படிந்த மூன்று கல். நான் கொட்டின மண்ணை யாருடைய கோழியோ கிளறிக்கொண்டிருந்தது. அம்மா கோழியை விரட்டிவிட்டு உட்கார்ந்து, களிமண் கலக்காமல் மேலாக மேலாகக் கையால் வழித்து எடுத்தாள். இரண்டு மூட்டை ஒரு மூட்டையாகத் தேறியது. நானும் வழித்தேன்.

பூந்தமல்லியில் பஸ் மாறும்போது கண்டக்டர் மூட்டையைக் காலால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாமா இது?"

"மண்ணு."

"ஏன், திருமழிசைல மண்ணு இல்லியா?"

"கீது. அது வெறும் மண்ணு."

அவர் என்னைப் பார்த்து, உன் அம்மாவுக்கு எத்தனை நாளாக இப்படி என்று கேட்டுச் சிரித்துவிட்டு, கடைசி சீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அம்மா மூட்டையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பியதும் சாக்கின் வாயைத் தளர்த்தி வலது கையை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே விட்டாள். எடுக்கவே இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரொம்ப தூரம் போன பிறகு, கை நனைந்து அழுக்காகியிருக்குமே என்று என் பாவாடை நுனியால் துடைத்துவிடலாம் என்று மெல்ல அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். வெடுக்கென்று உதறிவிட்டு மறுபடியும் உள்ளே விட்டுக்கொண்டாள்.

நான் நகர்ந்து சீட்டின் அந்த ஓரத்துக்குப் போய்விட்டேன். பெஞ்சை ஏற்றினதற்கு இன்னும் என்மேல் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவளுடைய தோள் குலுங்கினதைக்கூட, ரோடு சரியில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

போதும் கண்ணு, பேனாவை மூடு. முதலிலிருந்து ஒருதரம் படித்துக் காட்டு. எங்கம்மா பேசுகிற இடம் வந்தால் அவசரப்படாமல் படி.