ஆறாவது போத்தலில் கடல் அட்டை

காலை ஏழு மணிக்கு மூதூர் இறங்குதுறையில் லாஞ்சி ஏறினேன். கட்டணம் ஒரு ரூபாய். குடாவைக் குறுக்கே கடந்தால் திருகோணமலை ஏறக்குறைய ஏழு மைல். மடியில் போர்மலின் ஊற்றிய ஆறு போத்தல்கள். ஐந்தில் கடற்பஞ்சு, சொறிமுட்டை என்ற இழுதுமீன், மண்புழு, நண்டு, கணவாய். முள்ளந்தண்டில்லாத விலங்குகளில் ஆறு கூட்டங்களைப் பிற்பகல் இரண்டு மணிக்கு விலங்கியல் செய்முறைச் சோதனையில் வைக்கவேண்டும். ஆறாவது கூட்டம் முட்தோலிகள்: நட்சத்திரமீன், கடல் அட்டை போன்றவை. அந்தப் போத்தலில் மட்டும் போர்மலினைத் தவிர ஒன்றுமில்லை. ஒன்று குறைந்தாலும் இருந்து எழுத விடமாட்டார்கள். ஈச்சிலம்பற்றில் எங்கள் வீட்டிலிருந்து இந்தச் சோதனைவரை வந்த முதல் ஆள் நான்.

எட்டேகாலுக்கு இறங்கி, உள்துறைமுகக் கரை நெடுக முட்தோலி ஏதும் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். பதினொரு மணிக்கு, கடலில் மூழ்கி அட்டை பிடிக்கும் கிண்ணியாச் சுழியோடி ஜப்பார் என்பவனின் வள்ளம் வந்தது. அவனுக்கும் என் வயதுதான். வள்ளத்துக்குள் சாண் நீளத்தில் கறுப்புக் கறுப்பாகக் கடல் அட்டைகள்!

“இதுக்கு எலும்பு இல்லைத்தானே?” என்று கேட்டேன்.

“எலும்பும் இல்லை, மூளையும் இல்லை. எங்கட முதலாளி மாதிரி.”

வள்ளமே சிரித்தது. ஒன்றைச் சும்மாவே தந்தான். அது என் உள்ளங்கையில் ஊர்ந்தது! கரும்பலகையில் வெண்கோடுகளாகப் பார்த்த குழாய்க்கால்கள் என் தோலைப் பிடித்துப் பிடித்து விட்டன.

சேறு போகட்டும் என்று குழாயடிக்குக் கொண்டுபோய், வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து அதற்குள் விட்டேன். உடம்பை இறுக்கியது, அடுத்த கணம் குடலெல்லாம் வெளியே.

வாளியோடு ஓடினேன்.

“ஐயோ வாத்தியார், கடல் சாமானை நல்ல தண்ணிக்க போடுவாங்களா?” என்றான் ஜப்பார்.

“வேற ஒண்டு தர ஏலுமோ?”

“ஏலாது. மத்ததெல்லாம் கீறிக் குடலெடுத்து அவியப் போட்டாச்சு. நாங்க கத்தியால செய்யிற வேலைய உங்கட அட்டை தானாவே செஞ்சிட்டு.”

குனிந்து பார்த்தேன். குடலுக்கிடையில் மரக்கிளைபோல ஒன்று விரிந்து கிடந்தது. அதன் சுவாச உறுப்பு! எல்லாவற்றையும் அப்படியே ஆறாவது போத்தலில் இறக்கினேன்.

சோதனை நடக்கும் பாடசாலைக்கு ஓர்ஸ் ஹில் ஏற்றத்தை ஓடியே ஏறினேன். பரிசோதகர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஆர் வெட்டினது? கத்தி பட்ட அடையாளமே இல்லை.”

“ஒருதரும் வெட்டேல்லை, சேர். நல்ல தண்ணிக்குள்ள விட்டிட்டன். பிழை என்னிலதான்.”

அவர் போத்தலைத் திருப்பி, கிழியாமல் விரிந்திருந்த அந்தச் சுவாச உறுப்பை விரலால் சுட்டினார். பிறகு மற்ற மேசைகளுக்குக் குரல் கொடுத்தார்: “எல்லாரும் வந்து இதைப் பாருங்கோ.” என்னிடம், “நீர் இருந்து எழுதும்” என்றார்.

ஐந்து மணி லாஞ்சியில் திரும்பினேன். முதுகெலும்புள்ள நாங்கள் முப்பது பேர் மேலே. அது இல்லாத எத்தனை ஆயிரம் உயிர்கள் கீழே! எங்கள் ஊரில் வலையோடு வரும் இவற்றைக் கழிவென்று மணலில் உதறிவிடுவார்கள். மறுநாள் விடியவே அந்தக் கழிவைக் கிளறிப் பார்க்க அந்த இடத்தில் போய்க் குந்திவிட்டேன்.