ஏழு டக்கும் ஒரு கல்லும்

கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம் பதினாறு வீடுகள் கொண்ட அந்த அடுக்ககத்தில் ராகவனை எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் அரை நிமிடத்தில் காரை நிறுத்திவிட்டு மாடியேறுவார்கள். அவருக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். மேலே வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் ஒரு சந்தேகம் வரும். கீழே போய்ப் பார்த்துவிட்டு வருவார். காபி ஆறுவதற்குள் இன்னொரு தடவை. "அது என்ன, அவுத்துக்கிட்டு ஓடற கன்னுக்குட்டியா?" என்று அவர் மனைவி சரசா கேட்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆவடியில் கனரக வண்டிகள் செய்கிற தொழிற்சாலையில், பிரேக் சோதனைப் பிரிவில் முப்பத்தோரு வருட உத்தியோகம். நாற்பது டன் இரும்பைச் சரிவில் நிறுத்தி, அது நிற்கிறதா என்று முறைத்துப் பார்ப்பதற்கு அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற பிறகு தம் சின்னக் காரை முறைத்துப் பார்த்தால், அதைத் தேசப் பாதுகாப்பின் மிச்சம் என்றுதான் கொள்ள வேண்டும்.

இடது முழங்கால் தேய்ந்து, கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். அதில்தான் வினை வந்தது. அந்தக் கட்டடத்தில் கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஜோடி ஜோடியாக நிற்கும். சுவரோரம் மூன்றாம் மாடிக் கோமளாவின் கார். அதன் வழியை அடைத்துக்கொண்டு ராகவனின் கார். இதற்கென்று ஒரு சம்பிரதாயம் உண்டு. வழியை அடைப்பவர் நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே மாட்டியவர் கல்லை எடுத்து, வண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கிளம்பிக்கொள்வார். சென்னையில் பாதி அடுக்ககங்கள் தூணின் மேல் நிற்பதில்லை, இந்த ஒப்பந்தத்தின் மேல்தான் நிற்கின்றன.

ஆட்டோமேட்டிக் காரில் இது நடக்காது. கியரை P-யில், அதாவது பார்க்கிங்கில், போட்டால்தான் சாவி வெளியே வரும். P-யில் போட்டால் ஊர் கூடித் தள்ளினாலும் வண்டி அசையாது. ஆகவே சாவியைக் காவலாளி ஜம்புலிங்கத்திடம் கொடுத்துவைக்க வேண்டும். ராகவனோ சாவியை எவரிடமும் கொடுப்பவர் அல்லர். போன ஆவணியில் ஒரு கல்யாண மண்டபத்தில், கார் நிறுத்தித் தருகிற ஆள் சாவியைக் கேட்டுவிட்டான் என்பதற்காக முகூர்த்தம் முழுக்கக் காருக்குள்ளேயே உட்கார்ந்து, அட்சதையை ஜன்னல் வழியாக மண்டபம் இருந்த திசையில் வீசியவர்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஏரியைச் சுற்றப் போய்விட்டார். போன் வீட்டில். கோமளா முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு ஆட்டோவில் வேலைக்குப் போனாள். அன்று மாலை சங்கச் செயலாளர் ஜெகதீஷ் வாட்ஸ்அப்பில் அறிவித்தார்: இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ராகவன் சாருக்கு வேறு இடம் ஒதுக்கப்படும். வேறு இடம் என்றால் தெரு. போன மழைக்கு அங்கே ஏரித் தண்ணீர் சீட் உயரத்துக்கு நின்றது.

இந்த நிலையில் சனிக்கிழமை பூந்தமல்லியில் சரசாவின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம்.

"கார் வேணாம்," என்றாள் சரசா. "மறுபடியும் நீங்க வாசல்ல காவல் காத்தா எங்க அண்ணன் மூஞ்சில நான் முழிக்க முடியாது. வேன்ல வாங்க."

கோமளாவுக்குச் சனிக்கிழமையும் வேலை. காரை விட்டுப் போவதென்றால் சாவியையும் விட்டுத்தான் போக வேண்டும். ராகவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை விடியலில் ஜம்புலிங்கத்தை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். ஜம்புலிங்கம் கொரட்டூரின் பழைய குடி, ஐம்பத்தெட்டு வயது, இருபது வருடம் டிராக்டர் ஓட்டியவர். இதெல்லாம் தகுதியாக ராகவனுக்குப் படவில்லை.

"கால் பிரேக்க மிதிங்க. நியூட்ரல். இப்ப ஹேண்ட் பிரேக். இழுக்கறப்ப ஏழு டக் கேக்கணும். கால எடுங்க, வண்டி லேசா ஒக்காரும். மறுபடி மிதிச்சு P."

"நேரா P போட்டா இன்னா சார்?"

"உள்ள ஒரு சின்னப் பல்லு இருக்கு, வெரல் தண்டி. மொத்த வண்டியும் அது மேல தொங்கும். நீங்க ஒத்தப் பல்லுல ஒரு மூட்டையக் கடிச்சிக்கிட்டு நிப்பீங்களா?"

"எனக்குக் கீறதே நாலு பல்லு சார்."

"அதான் சொல்றேன். மொதல்ல ஹேண்ட் பிரேக். ஏழு டக்."

"எட்டு வந்துச்சின்னா?"

"வராது."

சாவி கைமாறியது. ராகவன் வேனில் ஏறினார். அம்பத்தூர் தாண்டுவதற்குள் முதல் போன்.

"நிக்குதா?"

"நிக்குது சார். நீங்க வெச்சாப்பலயே கீது. அந்தப் பொண்ணே இன்னும் எறங்கல."

திருவேற்காட்டில் இரண்டாவது போன். மண்டபத்தில் செருப்பைக் கழற்றும்போது மூன்றாவது. அதன் பிறகு நான்கு தடவை அடித்தும் ஜம்புலிங்கம் எடுக்கவில்லை. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கிய நேரத்தில் ஜம்புலிங்கமே கூப்பிட்டார்.

"பொண்ணு பூட்ச்சி சார். வண்டிய திரும்ப வெச்சிட்டேன்."

"எத்தனை டக்?"

"அஞ்சு."

கெட்டிமேளம் முழங்கியது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மண்டபமே மணமக்கள் மேல் அட்சதை போட, ராகவன் கையிலிருந்ததைப் பக்கத்து நாற்காலியில் கொட்டிவிட்டு வாசலில் ஆட்டோ பிடித்தார். வழியெல்லாம் ஐந்து, ஐந்து என்று ஆட்டோவின் குலுக்கலே அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தது.

கார் இருந்த இடத்தில் இருந்தது. முன் சக்கரத்தடியில் ஒரு கருங்கல்.

"இது எதுக்கு?"

"நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேன் சார். அப்பால மனசு கேக்கல, கல்லு வெச்சேன்."

"P போட்டு, ஹேண்ட் பிரேக்கும் போட்ட வண்டிக்குக் கல்லு வெக்கறது அந்த பிரேக்குக்கு அவமானம். எடுங்க."

ஜம்புலிங்கம் குனிந்து கல்லை நகர்த்தினார். ராகவன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். பிரேக்கை மிதித்து, நியூட்ரலுக்குத் தள்ளி, ஐந்து டக்கை ஏழாக இழுப்பதற்காக ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். அப்போது போன் அடித்தது. சரசா.

"பந்தியில உங்க எலை மட்டும் காலியா கெடக்கு. மச்சான் எங்கன்னு எங்க அண்ணன் கேக்கறான். என்ன சொல்லட்டும், பிரேக் புடிக்கப் போயிருக்காருன்னா?"

கீழ்த்தளத்தில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். "இரு, வரேன், கேக்கல," என்றபடியே ராகவன் இறங்கி வாசலை நோக்கி நாலு எட்டு வைத்தார்.

மழைத் தண்ணீர் வடியட்டும் என்று கட்டியவர் அந்தத் தரையைத் துளி சரிவாகப் போட்டிருந்தார். கார் அவசரமில்லாமல் அவர் பின்னாலேயே கிளம்பியது. எதிரே ஜெகதீஷின் புதுக் கார், சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது.

"சார்," என்றார் ஜம்புலிங்கம், சாதாரணக் குரலில்.

ராகவன் திரும்பினார். நாற்பது டன்னை அசையாமல் நிறுத்தியவர், தம் கார் தாம் இல்லாமல் நடந்து வருவதைப் பார்த்தார். முழங்கால் மறந்துபோய் ஓடப் பார்த்தார், கால் வரவில்லை. டொக் என்று ஒரு சத்தம். கார் நின்றுவிட்டது. சக்கரத்தடியில் அதே கருங்கல்.

"எடுக்கச் சொன்னேனே," என்றார் ராகவன், கல்லைக் காட்டி.

"எடுத்தேனே சார். அரை அடி."

ஜம்புலிங்கமே ஏறி, கால் பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இருவரும் எண்ணினார்கள். ஏழு. காலை எடுத்தார், வண்டி உட்கார்ந்தது. மறுபடி மிதித்து P.

"காலைல அஞ்சுதானே வந்துச்சு?"

"இப்பதான் சார் பயந்துகினு இழுத்தேன்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அங்கேயே, கார்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடந்தது. ஜெகதீஷ் ஆரம்பிப்பதற்கு முன்பே ராகவன் எழுந்து சாவியை ஜம்புலிங்கத்தின் கையில் வைத்தார். "தெனமும் இங்கதான் இருக்கும்." கோமளா தலையசைத்தாள். இடம் தப்பியது. ஆனால் அவர் உட்காரவில்லை.

"இன்னொரு தீர்மானம். இனிமே எந்த ஆட்டோமேட்டிக் வண்டியா இருந்தாலும், P, ஹேண்ட் பிரேக், அதோட ஒரு கல்லு."

"கல்லு வெக்கறது பிரேக்குக்கு அவமானம்னு நீங்கதானே சார் சொல்லிக்கிட்டிருந்தீங்க?" என்றார் ஜெகதீஷ்.

"சோதனையில புது விவரம் கெடச்சிருக்கு."

"தூரத்தையும் எழுதிக்கோங்க," என்றார் தூணோரம் நின்ற ஜம்புலிங்கம். "அரை அடி."

ஏன் அரை அடி என்று யாரும் கேட்கவில்லை. ராகவன் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அன்று மாலை அவர் மூன்று தடவை கீழே போனார். ஹேண்ட் பிரேக்கின் பக்கம் திரும்பவில்லை. குனிந்து, கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.