அம்மாவின் பார்ஸ்னிப் பாத்தி

இங்கிலாந்தில் ஓய்வு பெற்று வீடு வந்து சேர்ந்த அன்று, பெட்டியைத் திறந்ததும் அம்மா முதலில் வெளியே எடுத்தது ஒரு விதைக் கவர். கசங்கிவிடக் கூடாது என்று அதை ஒரு சாக்லேட் டப்பாவுக்குள் வைத்து, கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள். எங்களுக்கு வாங்கிய சாமான்களெல்லாம் அதற்கு அப்புறம்தான் வெளியே வந்தன. கவர்மேல் கேரட் போல நீளமாக, ஆனால் சாயம் போனது மாதிரி வெளுத்த ஒரு கிழங்கின் படம். பார்ஸ்னிப்பாம். வெந்தால் இனிக்குமாம், உறைபனி விழ விழ இன்னும் இனிக்குமாம். பாப்பிரெட்டிப்பட்டியில் உறைபனிக்கு எங்கே போவது? அப்பா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முள்ளங்கிக்கு இத்தினி மரியாதையா?" என்றார். அம்மா சிரிக்கவில்லை.

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போனவள் அவள். லீவுக்கு வருவாள், போவாள். என் கல்யாணத்துக்கும் அப்படித்தான் வந்தாள், புடவை மடிப்புக் கலைவதற்குள் கிளம்பிவிட்டாள். வீடு, கிணறு, என் படிப்பு எல்லாம் அவள் உழைப்பு. ஆகவே குறை சொல்ல எனக்கு வாயில்லை. மனசு மட்டும் ஆறவே இல்லை. இனிமேலாவது அம்மா என் பக்கத்தில் இருப்பாள் என்று நினைத்திருந்தேன். அவளுக்கோ அங்கே திரும்பிப் போகும் உரிமை இன்னும் கொஞ்ச காலத்துக்குக் கையில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து, "இனி இங்கயேதான இருப்பீங்க?" என்று கேட்டபோது அம்மா கையிலிருந்த கவரைக் காட்டி, "மொதல்ல இது இந்த மண்ணுக்கு ஒத்துக்குதான்னு பாப்போங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கிழங்கு விளைந்தால் அம்மா இருப்பாள், இல்லாவிட்டால் போய்விடுவாள் என்று அன்றைக்கே எனக்குள் முடிவாகிவிட்டது.

முதல் விதைப்பு அப்பா சொற்படி நடந்தது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொன்னது ராகிக்கும் அவரைக்கும்தான், சீமைக் கிழங்குக்கு இல்லை என்று அவரிடம் யார் சொல்வது? மண் கொதித்தது, ஒரு விதைகூடக் கண் திறக்கவில்லை. போன வருஷத்து பார்ஸ்னிப் விதை இந்த வருஷம் முளைக்காதாம், அவ்வளவு ராங்கி அதற்கு. அம்மா தன் சிநேகிதியிடம் சொல்லிப் புது விதை வரவழைத்தாள். ஐப்பசி மழை ஈரத்தில் தூவி, மேலே நனைத்த சாக்கைப் போர்த்தினாள். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பாத்தி ஓரம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். காப்பி அங்கே, ஜெபமாலை அங்கே, சாக்கைத் தூக்கிப் பார்ப்பது, மறுபடி மூடுவது. நான் பொம்மிடியில் வேலை முடிந்து பஸ் பிடித்து வந்து பேச உட்கார்ந்தால், "இரு, அது என்னமோ பச்சையா தெரியுது" என்று எழுந்து போவாள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

பார்ஸ்னிப் முளைக்க வாரக்கணக்கில் ஆகும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பொறுமை ஏது? ராகி விதைத்தால் வாரத்துக்குள் பச்சை தெரிந்தாக வேண்டும், தெரியாவிட்டால் அது செத்த விதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அப்பா பாத்தியைக் கொத்திக் கொத்தமல்லி தூவிவிட்டார். திரும்பி வந்த அம்மா பார்த்தாள், உள்ளே போய் முக்காட்டை மடித்து வைத்தாள். தப்பிப் பிழைத்த நாலைந்து பார்ஸ்னிப் கன்றுகள் மல்லிக்கு நடுவே தலைகாட்டின. இலையும் ஏறக்குறைய மல்லி ஜாடை. அப்பா அதையும் சேர்த்துக் கிள்ளி ரசத்தில் போட்டு, "மல்லி ஏன் இன்னிக்கு வேற மாதிரி மணக்குது?" என்று கேட்டார்.

"ஏம்ப்பா, ஒரு பாத்தி சும்மா கெடந்தா உங்களுக்குத் தூக்கம் வராதுங்களா?" என்று கத்திவிட்டேன். அப்பா தட்டைப் பார்த்தபடி, "உங்கம்மா போனதுலருந்து இந்த வூட்ல நான் எதையும் காலியா வுட்டதில்ல கண்ணு. அப்படியே பழகிப்போச்சு" என்றார். அதற்குமேல் அவரை என்ன திட்டுவது?

அடுத்த ஐப்பசியில், மறுபடி வரவழைத்த புது விதை ஒருவழியாக முளைத்தது. சித்தேரி மலையிலிருந்து இறங்கிய மார்கழிக் குளிரில் தழைத்தும் நின்றது. மாசியில் தோண்டினோம். அப்பா பாசத்தில் கொட்டியிருந்த பச்சைச் சாணி எருவால் ஒவ்வொன்றும் இரண்டாக, மூன்றாகப் பிளந்து, விரல் தடிமனில் வந்தது. உறைபனிக்குப் பதில் ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, பிறகு வெண்ணெயில் வதக்கினேன். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். நான் பரீட்சை முடிவுக்கு நிற்பது போல நின்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்கத்த மாதிரி வரல."

அவ்வளவுதான், எனக்குத் தாங்கவில்லை. "இந்தச் சனியன் புடிச்ச கெழங்கு மொளைக்குதான்னு நாள் பூரா உக்காந்து பாத்தியே, நான் வளந்தத என்னிக்காச்சும் உக்காந்து பாத்தியா?" என்று கேட்டேவிட்டேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "உன்ன போட்டோவுலதான்டி பாத்தேன். ஒவ்வொரு போட்டோவுலயும் ஒரு மொழம் கூடியிருப்ப. நடுவுல நீ எப்படி வளந்தேன்னே எனக்குத் தெரியாது. ஒண்ணே ஒண்ணாவது என் கண்ணு முன்னாடி வளரட்டுமேன்னுதான் அங்க போயி உக்காந்தேன்."

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இதை வந்த அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இத்தனை நாளும் நான் ஒரு கிழங்கோடு சக்களத்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். "போகாதம்மா" என்று சொன்னேன். ஆனால் மூட்டு ஆபரேஷனுக்கு அங்கே எப்போதோ பதிந்து வைத்திருந்த அவள் முறை வந்து, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. "முட்டிய சரி பண்ணிட்டு வந்தர்றேன் கண்ணு" என்று பொம்மிடி ஸ்டேஷனில் ரயில் ஏறினாள். ஒரு முட்டி முடிந்தது. இப்போது அடுத்த முட்டிக்குக் காத்திருக்கிறாளாம்.

ஞாயிறுதோறும் வீடியோவில் வருகிறாள். பேசுவதற்கு அவளிடம் விஷயம் ஒன்றும் இருப்பதில்லை. "நீ பேச வேண்டாம். ஃபோனை அந்த டப்பா மேல சாச்சு வெச்சிட்டு உன் வேலையப் பாரு. நான் சும்மா பாத்துக்கிட்டிருக்கேன்" என்கிறாள். நான் வெங்காயம் நறுக்குகிறேன், பாத்திரம் கழுவுகிறேன், அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பாதியில் நெட் போய்விடுகிறது.