பேரில்லாத அம்மனின் கல்லைப் படிக்கப் போனது

மன்னருக்கு முடிசூட்டியதற்கு மறுவருஷம், சித்திரை விடுமுறையில் இந்தப் பிரயாணம் போனேன். நம் ஜில்லாக் குளங்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை ஆசிரியை அம்மாள் திருப்பிக் கொடுத்துவிட்டார். “எல்லாம் பிறர் சொன்னது. அந்தக் காலத்திலேயே எழுதி வைத்தது ஏதாவது உண்டா என்று போய்ப் பார்” என்றார். சீவலப்பேரிக்கு அப்பால் ஒரு குளக்கரையில் எழுத்துள்ள கல்லை அம்மனாகக் கும்பிடுகிறார்கள் என்று வகுப்புத் தோழி சொல்லியிருந்தாள். எண்ணெய் படிந்து எழுத்தே தெரியாதாம். கொடை என்கிற திருவிழாவுக்குப் பந்தல்கால் நாட்டும் அன்று மட்டும் கழுவுவார்களாம். அந்த நாளில் அப்பாவுடன் புறப்பட்டேன்.

பாளையங்கோட்டையிலிருந்து காலை ஐந்துக்கு மாட்டு வண்டி. போக வர ஒன்றே கால் ரூபாய். சீவலப்பேரி பத்து மைல். பிறகு ஒன்றரை மைல் வண்டித்தடம். எட்டரைக்குச் சேர்ந்தோம். வண்டிக்காரர் கரைக்குக் கீழேயே நின்றுவிட்டார்.

“நான் மாட்டப் பாத்துக்கிடுதேன் ஐயா. மாடு பயந்த சாதி.”

“பயந்தது மாடா, நீரா?” என்றார் அப்பா.

“அந்த அம்மைக்குப் பேரு கெடையாது. பேரில்லாதது கூப்புட்டா எப்பிடித் திரும்பிப் பாக்க?”

குளம் வற்றி வெடித்துக் கிடந்தது. மருத மரங்களில் ஒரு காக்கை இல்லை. இலை அசையவில்லை. ஆனால் மடைவாயிலிருந்து மட்டும், யாரோ உள்ளே மூச்சு விடுவதுபோல, விட்டு விட்டு ஈரக்காற்று வந்தது. அதன் மேலேதான் கல். பெண்கள் வெந்நீரும் அரப்பும் விட்டுத் தேய்க்க, எண்ணெய்க் கறை தோல் மாதிரி உரிந்து விழுந்தது.

விளக்கேற்றும் பேச்சியக்காவுக்கு முப்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். “படிப்பியா தாயி? கணக்குப்பிள்ளை பயந்துக்கிட்டு வரமாட்டேங்காரு. கொடைக்குக் கொடை இந்த அம்மை யாரு மேலயாவது வந்து எறங்குதா. ‘நீ யாரு, பேரச் சொல்லு’ன்னா, ‘கல்லப் பாரு, கல்லப் பாரு’ன்னு அழுதா. பேரு தெரிஞ்சா இந்தக் கொடைக்குப் பேரச் சொல்லிக் கூப்புட்டுருவோம்.”

படிக்குமுன் மஞ்சள் வைக்க வேண்டுமாம். எல்லோரும் வைக்கும் இடத்தைக் காட்டினார், கட்டைவிரலால் வைத்தேன். பிறகு அரிசி மாவைத் தூவித் துடைத்தேன். பள்ளங்களில் எழுத்து வெள்ளையாக எழுந்து வந்தது. கல்லெழுத்தில் புள்ளி கிடையாது. தட்டித் தடவித்தான் படிக்க முடிந்தது. நான் சொல்லச் சொல்ல அப்பா எழுதிக்கொண்டார்: கரை மூன்று தரம் உடைந்தது. அது நிற்க வேண்டி, சுடலைமுத்து மகள்... பிறகு, மடைக்குள் நின்றாள். தகப்பனுக்கு இரண்டு மா நிலம். அந்த வரியில் அப்பாவின் பென்சில் நின்றுவிட்டது.

“பேரு?” என்றார் பேச்சியக்கா.

“மகள் என்பதற்கு அடுத்தாற்போல் இருந்திருக்கிறது அக்கா. அந்த இடம் தேய்ந்துபோய்விட்டது.”

“அது மட்டும் எப்பிடித் தேயும்? மழையிலயா?”

மாவை ஊதினேன். அடியில் என் மஞ்சள் இருந்தது. வழவழவென்று குழிந்த அந்த இடத்தில் என் கட்டைவிரல் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. பேச்சியக்கா தம் விரலைப் பார்த்தார்.

“எங்க அம்மையும் இங்கனதான் வச்சா” என்றார். மற்றப் பெண்கள் பைய விலகி நின்றார்கள். “இனும எங்கன தொட?”

மடைவாயில் அந்தக் காற்று நின்றுபோயிருந்தது.

போக நினைக்கிறவர்கள் கால் நாட்டும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். ஒரு படி அரிசி மாவு போதும், ஆணியால் கீறாதீர்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே கிடைக்காது. முதலில் பார்த்து எழுதிக்கொண்டு, பிறகு கும்பிடுங்கள்.

ஆசிரியை அம்மாள் இந்த முறை கட்டுரையை எடுத்துக்கொண்டார். பேருக்காக நான் விட்ட இடத்தில் “ஒரு பெண்” என்று போட்டு நிரப்பச் சொன்னார். நான் போடவில்லை. அந்தக் குழியில் மூன்று எழுத்துக்கு மேல் கொள்ளாது. அவளைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.