கொத்தமல்லித் தண்ணீரும் பனங்கட்டியும்

அன்று வீட்டில் நானும் அப்பாவும் அக்காவின் இரண்டு வயது மகளான என் மருமகளும் இருந்தோம். அக்கா மானிப்பாயில் தையல் வேலைக்குப் போயிருந்தாள். அம்மாவும் கோயிலுக்குப் போய்விட்டாள்.

மருமகளுக்கு இருமல். நெஞ்சில் ஒன்றுமில்லை, இளஞ்சூடாக ஏதாவது அடிக்கடி குடிக்கக் கொடுத்தால் போதும் என்று முதல் நாள் டொக்டர் சொல்லியிருந்தார். அவளோ காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. இப்படியே இருந்தால் பின்னேரம் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும் என்று எனக்குப் பயம்.

கொத்தமல்லி அவித்த தண்ணீரில் தேன் விட்டு, கரண்டியால் பருக்கினேன். அப்படியே என் சேர்ட்டில் துப்பினாள்.

"கம்பஸ் வரைக்கும் படிச்ச ஆளுக்கு ஒரு கரண்டி தண்ணி பருக்கத் தெரியேல்லை," என்று அப்பா சிரித்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் வரை படித்தவன் நான்தான். எதற்கும் இந்த நக்கல் வரும்.

சிரித்து முடித்து, பனையோலைக் குட்டானிலிருந்து பனங்கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கடித்தபடி, பாலும் சீனியும் இல்லாத தன் வெறுந்தேத்தண்ணியைக் குடிக்கத் தொடங்கினார். மருமகள் பக்கத்தில் போய்ச் சின்னக் கையை நீட்டினாள்.

"அம்மப்பா, எனக்கும்!"

அப்பா பனங்கட்டியில் கொஞ்சம் நுள்ளித் தூளாக்கி அந்தக் கையில் வைத்தார். நான் கொத்தமல்லித் தண்ணீரை அவளுடைய பேணியில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு நக்கு, ஒரு மிடறு. அப்பாவைப் போலவே "ஆ..." என்று பெருமூச்சும் விட்டாள். பேணி வெறுமையானது.

"இன்னும்!"

அக்கா வந்தபோது மருமகள் இருமாமல் நித்திரையாய்க் கிடந்தாள்.

"என்னடா குடுத்தனி?"

"ஒரு குட்டான் பனங்கட்டி முடிஞ்சுது அக்கா. நூற்றிருபது ரூபா."