சூசாவின் சுவர் பாரிசில் இருக்கிறது

பிரான்சுக்குப் போக எனக்கும் என் மனைவி லூர்துவுக்கும் இரண்டு முறை விசா மறுத்துவிட்டார்கள். திரும்பி வருவோம் என்று நம்பிக்கை இல்லையாம். மில்லில் கால் தேய நின்று ரெட்டியார்பாளையத்தில் கட்டிய வீட்டை விட்டுவிட்டு, அங்கே போய்த் தெருவிலா படுக்கப் போகிறேன்? ஈரான் அப்போது விசாவே கேட்கவில்லை. விமானத்தில் வரும் இந்தியர்கள் பதினைந்து நாள் சும்மாவே தங்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். அதனால் ஒரு பிப்ரவரி விடியற்காலையில் பாண்டி பேருந்து நிலையத்தில் சென்னை வண்டி ஏறினோம். பாரிசுக்கு அல்ல, சூசாவுக்கு.

சூசாவுக்கு ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் ஒரே மகன் அந்துவான் பாரிசில் ஒரு பெரிய அருங்காட்சியகத்தில் காவலாளி. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு ஆறு வருஷத்துக்கு முன் போனவன். ஒப்பந்த வேலை, லீவு எடுத்தால் போய்விடும் என்று ஊர்ப் பக்கமே வரவில்லை. பேத்தியைப் போனில்தான் பார்த்திருக்கிறோம். "நாள்பூரா ஒரு செவுத்துக்கு முன்னாடி நிக்கிறேம்பா. கலர் கல்லுல வில்லுக்காரங்க வரிசையா நிப்பாங்க. ஈரான்ல சூசான்னு ஒரு ஊர்லேருந்து வந்துதாம்" என்று ஒருமுறை சொன்னான். மகனைத்தான் பார்க்க முடியவில்லை, அவன் பார்க்கும் சுவரின் ஊரையாவது பார்ப்போமே. பைத்தியக்காரத்தனம்தான், தெரியும். ஊரில் சொல்ல லூர்து ஒரு காரணம் வைத்திருந்தாள். "தானியேல் இறைவாக்கினர் கல்லறை அங்கதான் இருக்குது. வேண்டுதல்னு சொல்லிட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

சென்னை, துபாய், தெஹ்ரான், அங்கிருந்து அஹ்வாஸ். அஹ்வாஸிலிருந்து நூற்றுப் பதினைந்து கிலோமீட்டரில் சூசா. இப்போது ஷூஷ் என்கிறார்கள். டாக்சி வாடகை மூன்று கோடி என்றதும் லூர்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். ரியால்தான், நம் காசில் மூவாயிரத்துச் சொச்சம். ஓட்டுநர் ரெசா ஷூஷ்காரர், நாற்பது வயதிருக்கும். அவர் பாரசீகத்தில் பேச, அவருடைய போன் அதைத் தமிழாக்கி வானொலிச் செய்தி போல வாசித்தது. "மதிப்பிற்குரிய தாயே, நீங்கள் குளிர்ந்த காற்றை விரும்புகிறீர்களா?" ஏசி போடட்டுமா என்று கேட்கிறாராம்! வழியெல்லாம் கரும்பு. விழுப்புரம் ரோட்டில் போகிற மாதிரியே இருந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்குத் தானியேல் கல்லறை. அடுக்கடுக்காகக் கூம்பிய வெள்ளைக் கோபுரம், உள்ளே முஸ்லிம்கள் தொழுகிறார்கள். பெண்கள் பக்கம் போன லூர்து கண் சிவந்து வந்தாள். "நீ என்ன மதம்னு யாரும் கேக்கலங்க. பக்கத்துல ஒரு அம்மா கையப் புடிச்சிக்கினு கூடவே அழுதாங்க" என்றாள். பைபிளில் சிங்கக் குகையிலிருந்து தப்பிய தானியேல் விசா ஆபீசில் மாட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

எதிரிலேயே மேடு. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மாமன்னன் தாரியஸ் அரண்மனை எழுப்பிய இடம். லெபனானிலிருந்து தேவதாரு வந்தது, இந்தியப் பக்கமிருந்து யானைத் தந்தம் வந்தது என்று அவனே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இன்று தூண்களின் அடிக்கல்லும் உடைந்த கல் காளையும்தான் மிச்சம். உச்சியில் மட்டும் ஒரு கோட்டை கம்பீரமாக நிற்கிறது. தோண்ட வந்து, கிடைத்ததைப் பாரிசுக்கு அள்ளிப்போன பிரெஞ்சுக்காரர்கள் தாங்கள் தங்குவதற்காக, பழைய நகரத்தின் செங்கல்லையும் சேர்த்துக் கட்டியதாம். எனக்கு வயிறு எரிந்தது. நம் அரிக்கமேட்டில் தோண்டியதும் இப்படித்தான் ஊர் ஊராகப் போனது. சூசாக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு காலத்தில் பாபிலோனியர்கள் சட்டம் பொறித்து வைத்த கல்லைக் கொள்ளையடித்து வந்தவர்கள். அந்தக் கல்லும் இப்போது பாரிசில்தான்.

"வில்லுக்காரங்க செவுரு எங்க இருந்துது?" என்று கேட்டேன். ரெசா வெறும் மண்ணைக் காட்டினார். அந்துவானைப் பற்றிச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். போன் சொன்னது: "உங்கள் மகன் எங்கள் சுவரைக் காக்கிறாரா? நான் மூன்று முறை விண்ணப்பித்தேன். விசா கிடைக்கவில்லை. நான் அதைப் பார்த்ததே இல்லை."

அங்கிருந்தே அந்துவானை வீடியோவில் கூப்பிட்டேன். ரெசாவைப் பற்றிச் சொன்னேன். "டூட்டில போன் எடுக்கக் கூடாதுப்பா. சரி, ஒரே நிமிஷம்" என்று திருப்பிக் காட்டினான். நீலமும் மஞ்சளுமாக வில்லுக்காரர்கள் திரை நிறைய நின்றார்கள். ரெசா என் போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். லூர்து எட்டி எட்டிப் பார்த்தாள். "செவுரு போதும்டா, உன் மூஞ்சியக் காட்டுடா!"

"மிஸ்யோ! மிஸ்யோ!" என்று அங்கே மேலதிகாரி யாரோ அவனை அதட்டினார். திரை அணைந்துவிட்டது.

"எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்று வாசித்தது ரெசாவின் போன். "நான் சுவரைப் பார்த்துவிட்டேன். நீங்கள் மகனைப் பார்க்கவில்லை." லூர்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தாள். பாவம் அந்த மனிதர், ஆனால் எனக்கும் அவர் மேல் எரிச்சலாகத்தான் இருந்தது.

மறுநாள் அஹ்வாஸ் விமான நிலையத்தில் அந்துவானிடமிருந்து செய்தி. லூர்துவுக்குப் படித்துக் காட்டினேன். "வேல போவலப்பா, பயப்படாதீங்க. ஆனா அந்த ஹால்லேருந்து என்ன மாத்திட்டாங்க. இனிமே எகிப்து ஹால்."

இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. லூர்து கண்ணாடிக்கு வெளியே நின்ற விமானங்களைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஏங்க, எகிப்துக்கு விசா கேப்பாங்களா?"