ஒரே மூச்சில் இரண்டு கார்புரேட்டர்

ஜப்பான்காரன் காலத்தில் சுங்கைப் பட்டாணியில் ஒடிசலான மெக்கானிக் ஒருவர் இருந்தார். கண்ணை மூடி, காதில் ரப்பர் குழாய் வைத்து, இரட்டைக் கார்புரேட்டரின் மூச்சைக் கேட்டே சமன்படுத்துவார். ஜப்பானிய அதிகாரிக்குக் கார் ஓட்டிய நானோ, வேடிக்கை பார்த்தே தொழில் கற்ற மேதை.

போனவர் பெரும்பாலும் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் பிடிக்க மெர்போக் தோட்டத்துக்குப் போன அன்று, அவர் சரிபார்த்துத் தந்த கார் வழியில் இருமி நின்றது. நானே குழாய் வைத்துக் கேட்டுத் திருகைச் சரிசெய்தேன். போய்ச் சேர்ந்தோம்; லாரி நிறைய ஆள் ஏற்றினார்கள்.

திரும்பியதும் பீற்றினேன்.

"அண்ணே, நீங்க விட்ட கோளாற நானே சரி பண்ணிட்டேன்லா."

"தெரிஞ்சுதான் விட்டேன் தம்பி. எம்மவன் அந்தத் தோட்டம். காட்டுக்குள்ள ஓட அவனுக்கு அரை நாள் வேணும். இப்ப அவனையும் ஏத்திட்டாங்களாம்."

பிறகு குழாயை எடுத்து இரண்டு கார்புரேட்டரையும் கேட்டார்.

"சரியாத்தான் வச்சிருக்க."

அந்தக் குரலில் கோபத்தை இன்னமும் தேடுகிறேன், கிடைக்கவில்லை.